சிரட்டைக்குள் சிவப்பு

ஆவுடையப்பன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மூன்று வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாயி, சாமி எனக்கு ஒரு குறி காட்டாதா?"

குரு பேச்சித்தாய்க்கு முப்பத்தாறு வயசு. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார், சீடர் குருவை 'தாயி' என்பார். நரிப்பாறை மடத்தில் அது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. பேச்சித்தாய் ஆடு மேய்த்தவர். ஒருநாள் மழைக்கு மடத்தில் ஒதுங்கியவர் மழை விட்ட பிறகும் போகவில்லை, அவ்வளவுதான் கதை. பெரிய பெரிய விளக்கமெல்லாம் அவரிடம் கிடைக்காது. கேட்டால் கேட்டதற்கு ஒரு வரி. அதுவும் பாதி நேரம் கேள்வியாகத்தான் வரும்.

ஆவுடையப்பன் இதற்கு நேர் எதிர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். வாய் ஓயாது. ஓய்வு பெற்ற அன்று பையைக் கொடுத்தார், டிக்கெட் மெஷினைக் கொடுத்தார். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது சொந்தமாக வாங்கியது. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் பழக்கம் விட்டால்தானே! புஞ்சைக் காட்டில் வேலை செய்கிறவர்களைக் கஞ்சிக்கு நிறுத்த ஒத்த விசில். திரும்ப மண்வெட்டியைத் தூக்க ரெட்டை விசில். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போலாம். ஊர் முழுக்க அதற்குப் பழகிவிட்டது. உழவு மாடுகள்கூடப் பழகிவிட்டன.

"என்ன குறி வேணும் அண்ணாச்சி?"

"ஏதாச்சும் ஒண்ணு தாயி. 'நீ போற பாதை சரிதான்டா ஆவுடையப்பா'ன்னு ஒரு சொல்லு. மகன் வாரம் தவறாம போன் போட்டு, அங்க கெடந்து என்னத்தக் கண்டியன்னு கேக்கான். என்னத்தச் சொல்ல?"

"காட்டுனா பாப்பீயளா?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுப்புட்டிய! கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுல்லா உக்காந்திருக்கேன்!"

பேச்சித்தாய் சிரித்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், மிச்சத்தையும் ஆய்ந்து முடித்தார்.

அந்த வருஷம் நரிப்பாறைக்குப் பொல்லாத வருஷம். வானம் பார்த்த பூமி. ஆவணியில் ஒரு மழை வந்து ஆசை காட்டியது. கொம்பையா என்கிற சம்சாரி முதல் ஆளாக விதைத்தார். அவர் விதைத்ததைப் பார்த்து ஊரே விதைத்தது. பயிர் விரலுயரம் முளைத்தது. அப்புறம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முளைத்தது எல்லாம் கருகி, காற்றில் தூசியாகப் போனது.

மிச்சம் இருந்த விதை மடத்தில் ஒரு ஆளுயரத் தானியக் குலுக்கைக்குள் கிடந்தது. கம்பு, சோளம், உளுந்து எல்லாம் தட்டு தட்டாக, நடுவில் சாம்பல் போட்டு. வீட்டில் இருந்தால் பசி அரைத்துத் தின்றுவிடும் என்று ஊரே கொண்டுவந்து குருவிடம் ஒப்படைத்திருந்தது. இந்த விதையும் மண்ணில் வீணானால் அடுத்த வருஷம் விதைக்க நரிப்பாறையில் ஒரு மணி கிடையாது.

"இனிமே வானத்த நம்பப்படாது" என்று ஊர்க்கூட்டத்தில் கொம்பையா சொன்னார். "நம்ம பழைய வழக்கத்துக்கே போவோம். தம்பலப்பூச்சி வந்தாத்தான் வித."

தம்பலப்பூச்சியைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல மழை பெய்து மண் ஆழத்துக்கு நனைந்தால், மறுநாள் காலையில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வரும். குங்குமச் சிவப்பு. உடம்பெல்லாம் வெல்வெட்டுத் துணி மாதிரி இருக்கும். ஒரு பாவமும் அறியாத பூச்சி. பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் போட்டு வளர்க்கும்.

வழக்கம் இதுதான். முதலில் பார்க்கிறவர் அதன்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு ஊரைக் கூப்பிட வேண்டும். எல்லாரும் கூடியதும் அதை வெறுங்கையில் எடுத்துக்கொண்டு நடந்து, காட்டு ஓரத்தில் இருக்கும் அம்மன் கல்லடியில் விட வேண்டும். இலையில் எடுத்தாலும் செல்லாது, துணியில் எடுத்தாலும் செல்லாது. கையில்தான் எடுக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கல்லடியில் விட்ட பிறகுதான் முதல் பிடி விதை மண்ணில் விழலாம்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மேகம் கூடி, இடி இடித்து, தூறல் விழுந்தது. ஊரே வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தது. கால் மணி நேரம். நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடை ஊற்றுக்குப் போனார். மணல் மேலாக்கில் ஈரமாக இருந்தது. குனிந்து மொண்டுகொண்டிருந்தவர் கண்ணில் ஏதோ பட்டது.

சிவப்பு!

மணலில் ஓடிக்கொண்டிருந்தது. பளீரென்று சிவப்பு! வெல்வெட்டு!

ஆவுடையப்பனுக்குக் குடம் கையைவிட்டு நழுவி உருண்டு போனதுகூடத் தெரியவில்லை. "ஆத்தாடி! வந்துட்டியா! என் கண்ணுலயா பட்ட!" என்று வாய்விட்டுக் கத்தினார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை இறக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் தண்ணீர் மொள்ளுகிற சிரட்டை கிடந்தது. எடுத்தார். பூச்சி இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. பிள்ளை மாதிரி தவழ்ந்து தவழ்ந்து துரத்திப்போய் டபக்கென்று கவிழ்த்தார்.

மூன்று வருஷம்! மூன்று வருஷமாகக் கேட்ட குறி! எத்தனையோ பேர் இருக்கிற ஊரில் அவர் கண்ணிலல்லவா பட்டிருக்கிறது!

விசிலை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தவே இல்லை. ஒத்தையும் இல்லை, ரெட்டையும் இல்லை, திருவிழாக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் ஊதுவாரே, அப்படி ஊதினார்.

ஊர் திரண்டு வந்துவிட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வேப்பங்குச்சியோடு வந்தார். கொம்பையா சட்டையில்லாமல் ஓடி வந்தார். அவர் சம்சாரம் கோமதி மாவுக்கையோடு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, என்னது?"

"பூச்சி! தம்பலப்பூச்சி! சிரட்டைக்குள்ள இருக்கு!"

"பொய் சொல்லாதிய!"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்யா!"

கொம்பையா மண்டியிட்டுச் சிரட்டையை ஒரு நெல்லளவு தூக்கி உள்ளே பார்த்தார். மூடினார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"செவப்பு" என்றார். "செவப்பேதான்."

அவ்வளவுதான். கோமதி குலவை போட்டாள். பத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆள் மாற்றி ஆள் சிரட்டை ஓரத்தை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் சிவப்பு மட்டும் ஒரு துணுக்கு மின்னி மறைந்தது. அது போதாதா!

அப்போது சிரட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கீச்... கீச்... கீச்...

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஏ, அது பேசுது!" என்றாள் கோமதி.

"பூச்சி எங்கயாச்சும் பேசுமா?"

"அம்மன் பேசுறா! அண்ணாச்சிகிட்டப் பேசுறா! கேளுங்க!"

ஆவுடையப்பன் காதைச் சிரட்டையோடு வைத்துக் கேட்டார். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பேச்சித்தாய் கடைசியாகத்தான் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஆவுடையப்பன் எழுந்து கும்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தாயி, கேட்டேன்ல! காட்டிருச்சு பாத்தீயளா!"

பேச்சித்தாய் சிரட்டையைப் பார்த்தார். சத்தத்தைக் கொஞ்சம் கேட்டார்.

"பாத்தீயளா அண்ணாச்சி?"

"பாத்தேன் தாயி."

"என்ன பாத்தீய?"

"செவப்பு! பட்டு மாதிரி!"

"வேற?"

"வேற என்ன வேணும்?"

"நடந்துச்சா, ஓடுச்சா?"

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் குருமேல் கோபம் வந்தது. நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் என்ன இது, குறுக்குக் கேள்வி!

"ஓடுச்சு தாயி. ஓடத்தான் செய்யும். அதுக்கும் சந்தோசம் இருக்காதா?"

"கொஞ்சம் பொறுத்து, வெயில் வந்ததும் பாப்பமா?"

"தாயி, ஈரம் காஞ்சிரும்!" என்று கொம்பையா பதறினார். "நல்ல நேரத்த விட்டுட்டு அப்புறம் குத்துதே குடையுதேன்னா ஆச்சா? குலுக்கையத் தொறங்க தாயி!"

பேச்சித்தாய் சுற்றிப் பார்த்தார். அத்தனை முகமும் அவர் முகத்தையே பார்த்தது. பசியோடு இருக்கிற முகங்கள்.

"வழக்கப்படி செய்யுங்க" என்றார். "கையில எடுத்து, கல்லடியில விட்டு, அண்ணாச்சி ரெட்ட விசில் ஊதுன பெறகு முதப்பிடி. அதுக்கு முன்னால ஒரு மணி கீழ விழக் கூடாது."

"சத்தியமா விழாது!"

குலுக்கை திறந்தது. ஓலைப்பெட்டிகளில் விதை நிறைந்தது. பெண்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினார்கள். கலப்பை பூட்டிய மாடுகள் வந்துகொண்டிருந்தன. கொம்பையா விதைப்பெட்டியை ஏந்தி ஆவணியில் உழுத சாலில் போய் நின்றார். உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டார். அள்ளின கையை ஓங்கிக்கொண்டு விசிலுக்குக் காத்திருந்தார். ஓடைக்கும் காட்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. எல்லாரும் எல்லாரையும் பார்க்க முடிந்தது.

ஆவுடையப்பன் திருநீறு பூசிக்கொண்டார். கல்லடிக்குப் போனதும் ஊத வசதியாக விசிலை இப்போதே பல்லிடுக்கில் கடித்துக்கொண்டார். சிரட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். உள்ளே கீச் கீச் என்று சத்தம் இன்னும் வேகமாக வந்தது.

பேச்சித்தாய் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, ஒருவாட்டி கண்ணாடியப் போட்டுப் பாருங்களேன்."

ஆவுடையப்பன் மரியாதையாகத்தான், ஆனால் கையை உதறி விடுவித்துக்கொண்டார். சிரட்டையைத் தூக்கினார். சிவப்பின்மேல் கையைப் பொத்தினார்.

அடுத்த நொடி நரிப்பாறை கேட்டது ஒரு விசில்.

ஒரே ஒரு விசில்! அப்படி ஒரு நீளம், அப்படி ஒரு கூர்மை! முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் ஊதாத விசில். வலியில் கத்த வாய் திறக்க வேண்டுமே, பல்லிடுக்கில் விசில் இருக்கிறதே! நெஞ்சில் இருந்த மூச்சு பூராவும் அதன் வழியாகத்தான் வெளியே போனது.

ஒத்த விசில் என்றால் நில்.

உழவு மாடுகள் நின்றன. இடுப்பில் பெட்டியோடு ஓடியவர்கள் நின்றார்கள். கொம்பையாவின் ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. விரல் இறுகியதே தவிர ஒரு மணி விழவில்லை.

"ஐயோ! அம்மா! கொள்ளிக்கட்டைய வச்ச மாதிரில்லா இருக்கு! செத்தேன்! செத்தேன்!" ஆவுடையப்பன் கையை உதறிக்கொண்டு மணலில் சுற்றிச் சுற்றி ஆடினார். அறுபத்தொரு வயசு என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படி ஒரு குதி.

பேச்சித்தாய் அவரைப் பிடித்து உட்காரவைத்து, முந்தானையை ஊற்றில் நனைத்துக் கையில் சுற்றினார். "ஆடாதிய அண்ணாச்சி. உசுருக்கு ஒண்ணும் ஆகாது. வலி மட்டும் உண்டு. எனக்குத் தெரியும், பத்து வயசுல நானும் வாங்கியிருக்கேன்."

"என்னது அது?" என்று யாரோ கத்தினார்கள்.

"அந்தா போகுது, பாருங்க."

இப்போது வெயில் வந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அது மணல்மேல் விழுந்தடித்து ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புதான். ஆனால் சிவப்புக்குப் பின்னால் இருந்த உடம்பு கன்னங்கரேல். அதன்மேல் வெள்ளைவெள்ளையாகப் பொட்டு. கட்டெறும்பு மாதிரி ஒடுங்கின இடுப்பு. ஆறு கால். அழகென்றால் அழகு, கண்ணை எடுக்க முடியவில்லை.

"எறும்பா?" என்றாள் கோமதி.

"எறும்பு மாதிரி இருக்கும். எறும்பு இல்ல. குளவி. பொட்டக் குளவி. அதுக்கு றெக்க கெடையாது, தரையிலதான் ஓடும். தானா யாரையும் தேடி வந்து கொட்டாது. பிடிச்சா கத்தும். கத்தியும் விடலன்னாத்தான் கொட்டும்."

கொம்பையா பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஓங்கிய கையை இன்னும் இறக்கவில்லை. "அதுக்காக வெதப்ப நிறுத்தணுமா தாயி? பூச்சி வேறயாப் போகட்டும். நேத்து மழ பெஞ்சது பெஞ்சதுதான?"

பேச்சித்தாய் அவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் ஒரு குச்சியால் கீறினார். மேலே நகக்கண் அளவு ஈரம். அதற்குக் கீழே மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு கை அள்ளி ஊதினார். தூசி பறந்து கொம்பையாவின் முகத்தில் படிந்தது.

கொம்பையா கையைப் பெட்டிக்குள் விட்டு, மெதுவாக விரலை விரித்தார். விதையெல்லாம் திரும்பக் குலுக்கைக்கே போனது.

சாயங்காலம் ஆவுடையப்பன் மடத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. பேச்சித்தாய் துணியை நனைத்து மாற்றிக் கட்டினார்.

"தாயி, நான் ஊருக்குக் கெளம்புதேன்."

"ஏன்?"

"என் வாயால ஊரே அழிஞ்சிருக்கும். இன்னொரு நிமிசம் போயிருந்தா அம்புட்டு வெதையும் மண்ணு. மகன் சொல்லுதது சரிதான், எனக்கு இங்க ஒண்ணும் கெடையாது. குறி கேட்டேன். அம்மன் செருப்பால அடிச்ச மாதிரி குடுத்துட்டா." இடதுகையால் விசிலைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்க ஏன் தாயி சொல்லல?"

பேச்சித்தாய் விசிலை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

"கை வத்தட்டும் அண்ணாச்சி" என்றார்.

கை வீக்கம் வற்ற நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. விதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் ஆவுடையப்பன் பையில் வேட்டியை மடித்து வைத்தார். ஆறாம் நாள் வெளியே எடுத்தார். ஏழாம் நாள் திரும்ப மடித்து வைத்தார். கோமதி கூழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "குளவி அண்ணாச்சி, போயிராதிய, எங்களுக்குப் பொழுது போகாது" என்று கேலி பண்ணிவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வடகிழக்கே கறுத்தது. காற்று நின்றது. அடித்தது பாருங்கள் ஒரு மழை! ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஓடை இரு கரையும் தொட்டது. நனையாத ஆளில்லை. யாரும் நனையாமல் இருக்கவும் விரும்பவில்லை. கொம்பையா வாசலில் நின்று மழையை வாய் திறந்து குடித்தார்.

விடிந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாருமே காட்டில் நின்றார்கள்.

ஈரமண் எங்கும் சிவப்பு! ஒன்றா, இரண்டா! குங்குமத்தைக் கொட்டிவிட்ட மாதிரி வரப்பு பூராவும், சால் பூராவும்! பிள்ளைகள் "ஏ! ஏ!" என்று கத்திக்கொண்டு குதித்தன. ஆனால் பெரியவர்கள் ஒருத்தர்கூடக் குனியவில்லை. எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள்.

"என்ன என்னையப் பாக்கிய?"

"நீங்கதான் அண்ணாச்சி எடுக்கணும்" என்றார் கொம்பையா. "ஊருலயே பட்ட ஆளு நீங்கதான். சூடு கண்ட கைக்குத்தான் தெரியும்."

ஆவுடையப்பன் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். மண்டியிட்டார். மண்ணைக் கீறிக் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை ஈரம். ஒரு பூச்சியைத் தேர்ந்து பார்த்தார். மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. காலை எண்ணினார். எட்டு. திரும்ப எண்ணினார். எட்டு. கறுப்பு இல்லை. வெள்ளைப் பொட்டு இல்லை. தலையை மண்ணோடு வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கிய? எடுங்க!" என்று கோமதி கத்தினாள்.

"கொட்டு வாங்குனது நீயா, நானா? சும்மா இரு தாயே!"

ஊரே சிரித்தது. ஆவுடையப்பன் உள்ளங்கையை மண்ணில் மல்லாத்தி வைத்தார். இந்தத் தடவை அவர் அதைப் பிடிக்கவில்லை. அதுவே தட்டுத் தடுமாறி விரல்மேல் ஏறி, கையின் நடுவுக்கு வந்து, எட்டுக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு சும்மா படுத்துக்கொண்டது. கொட்டு பட்ட அதே உள்ளங்கை. ஆவுடையப்பன் எழுந்து ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து கல்லடிக்குப் போய் அதை இறக்கிவிட்டார்.

கழுத்தைத் தடவினார். விசில் இல்லை.

பேச்சித்தாய் மடியை அவிழ்த்து நீட்டினார். "எனக்கு இது ஊத வராது அண்ணாச்சி."

ரெட்டை விசில் காடு அதிரக் கேட்டது. கொம்பையாவின் கையிலிருந்து முதல் பிடி பறந்தது. குலவை எழுந்தது. மாடுகள் கிளம்பின. எங்கே பார்த்தாலும் ஆட்கள், எங்கே பார்த்தாலும் கூச்சல், சிரிப்பு. ஆவுடையப்பன் வரப்பில் நின்று பிள்ளை மாதிரி துள்ளினார். "ஏ கொம்பையா, அந்த மூலைய விட்டுட்டிய! ஏ கோமதி, பெட்டியச் சாயி!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது.

ஒருவழியாக மூச்சு வாங்க வரப்பில் உட்கார்ந்தபோது பக்கத்தில் குரு இருந்தார்.

"தாயி, கை வத்திருச்சு. இப்பச் சொல்லுங்க. அன்னைக்கே அது குளவின்னு தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. ஆனா தம்பலப்பூச்சியாவே இருந்துரக் கூடாதான்னு எனக்கும்தான் மனசு அடிச்சுக்கிச்சு."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

"நான் சொன்னாக் கேட்டிருப்பீயளா? அந்தக் குளவி சொல்லச் சொல்லவே கேக்கலயே."

"அது எங்க சொல்லுச்சு?"

"செவப்பா உடுத்திக்கிட்டு வந்து சொல்லுச்சு. ஓடி ஓடிச் சொல்லுச்சு. சிரட்டைக்குள்ள கெடந்து கத்திக் கத்திச் சொல்லுச்சு."

ஆவுடையப்பன் உள்ளங்கையைப் பார்த்தார். நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இன்னும் மிச்சம் இருந்தது.

"அதச் சரின்னே வச்சுக்குவோம். ஆனா தாயி, மூணு வருசமாக் கேட்ட குறி எனக்குக் கெடைக்கவே இல்லையே? கெடச்சது ஒரு கொட்டுதான?"

"முப்பத்திரண்டு வருசம் விசில் ஊதுனீயளே அண்ணாச்சி. ஒத்த விசில் அதிகமா, ரெட்ட விசில் அதிகமா?"

"இதென்ன கேள்வி தாயி! சரிக்குச் சரிதான். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு ஒத்த, ஒரு ரெட்ட. நிக்காத பஸ்ல எவன் ஏறுவான்?"

"அப்போ சாமிகிட்ட மட்டும் ஏன் ரெட்ட விசிலே கேக்குதிய?"